சித்திரை முதல் நாளும் ஊதா வேப்பம்பூவும்

இந்தப் பயணத்துக்கு என் கணவர் செல்வராஜ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பக்கத்து வீட்டு நாய் ஒரு வாரம் எங்களோடு வரும். அதனால் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் நாங்களும் ஒரு நாய் வளர்க்கலாம். தொந்தரவு வந்துவிட்டால், அப்புறம் நாய் என்ற பேச்சையே நான் எடுக்கக் கூடாது.

எனக்கு நாய் வேண்டியிருந்தது. எங்கள் மகள் வெண்பா போன ஆகஸ்டில் நியூ ஜெர்சிக்குக் கல்லூரிக்குப் போனதிலிருந்து, டாலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றுதான் சத்தம் போடுகிறது. செல்வராஜ் அதை அமைதி என்பார். எனக்கு அது கொடுமை. சாயங்காலம் ஆனால் யாரிடமாவது கத்த வேண்டும் போலிருக்கும்.

அதனால்தான் பக்கத்து வீட்டு ஷ்ரேயா ஆபீஸ் வேலையாக சான் ஹோசேக்குக் கிளம்பியபோது, அவளுடைய நாய் சுண்டலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கொண்டைக்கடலை நிறம், தொங்கும் காது. தரையில் விழுந்த எதுவும் அதன் வாய்க்குத் தப்பாது.

ஏப்ரலில் டெக்ஸாஸ் மலைப்பக்கம் போனால் ரோட்டோரமெல்லாம் நீலமும் ஆரஞ்சுமாகக் காட்டுப்பூக்கள். நம் ஆட்கள் குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, அந்தப் பூக்களுக்கு நடுவில் உட்காரவைத்து போட்டோ எடுப்பார்கள். நாங்களும் வெண்பாவை அப்படி எடுத்தவர்கள்தான். இந்த முறை அந்த இடத்தில் சுண்டல் உட்கார்ந்தது. முதல் இரண்டு நாளும் ஆற்றங்கரை, பாறை, பூங்கா என்று சுற்றினோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அத்தனை அடக்கமாக இருந்தது அது. செல்வராஜால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மனசுக்குள் நாய்க்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சித்திரை ஒன்று. தங்கியிருந்த கேபினில் சின்ன சமையலறை இருந்தது. பச்சடிக்காக மாங்காயும் வெல்லமும் கொண்டுவந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த காய்ந்த வேப்பம்பூப் பொட்டலத்தை மட்டும் வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

"நாய்க்கு மெத்தை, நாய்க்கு பொம்மை, நாய் காதுக்கு சொட்டு மருந்து, எல்லாம் வந்துருச்சு. வேப்பம்பூ மட்டும் வரல" என்றார் செல்வராஜ் புதுச்சட்டையை மாட்டிக்கொண்டே. "கசப்பு இல்லாம பச்சடி சாப்ட்டா வருஷம் எப்படிப் போகும்?"

"இனிப்பாப் போகும்" என்றேன். அவர் ரசிக்கவில்லை.

காலையில் அடுத்த ஊர் தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பினோம். பாதி வழியில் திடீரென்று பிரேக் போட்டார். வண்டிகள் நின்று இளைப்பாற மேஜை பெஞ்சு போட்டிருந்த ரோட்டோர இடத்தில் ஒரு மரம். வேப்பிலை மாதிரியே இலை, கொத்துக் கொத்தாகப் பூ.

"பாத்தியா! டெக்ஸாஸ்ல வேப்பமரம்!"

"ஏங்க, பூ ஊதாவா இருக்குங்க."

"இங்க கத்திரிக்காயே தலகாணி சைஸ்ல இருக்கு. வேப்பம்பூ ஊதாவா இருந்தா என்ன?"

இவர் ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி செக் பண்ணுகிறவர். ஒரு மாத்திரையின் நிறம் லேசாக மாறினால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் என்னிடம் துண்டை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சுண்டலின் கயிற்றை அந்த மரத்திலேயே கட்டிவிட்டு, குடைக் கைப்பிடியால் கிளையை வளைத்து உலுக்கினார். பூவோடு சேர்ந்து, போன வருஷத்து மஞ்சள் காய்களும் பொலபொலவென்று கொட்டின.

அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, உங்கள் நாய் அந்தக் காயைத் தின்கிறதே என்றார். அது சைனாபெரி மரம், அந்தக் காய் நாய்க்கு விஷம், மனிதருக்கும் ஆகாது, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சுண்டல் மென்றுகொண்டிருந்தது. வாலையும் ஆட்டியது.

செல்வராஜ் துண்டு, பூ, குடை எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு சுண்டலைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். "நீ டிரைவ் பண்ணு" என்றார்.

நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறவர் அவர். அன்றைக்கு, "இன்னும் வேகமாப் போ, வான்மதி, அந்த டிரக்க ஓவர்டேக் பண்ணு" என்று கத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். சுண்டலுக்கு எச்சில் ஒழுகிப் புதுச்சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் ஷ்ரேயா முகத்தில் எப்படி விழிப்பது?

பக்கத்து ஊர் நாய் டாக்டர் ஓர் இளம்பெண். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தாள். காய் எல்லாம் அனேகமாக முழுசாக வெளியே வந்துவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், இருந்தாலும் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

ஷ்ரேயாவுக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராஜ் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஷ்ரேயா, அங்கிள் பேசறேன். தப்பு பூரா என்னுதும்மா. ஆன்ட்டி அப்பவே பூ ஊதாவா இருக்குன்னு சொன்னா." முழுக்கதையையும் சொல்லி முடித்தார்.

"டாக்டர் ஓகேன்னு சொன்னாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், "அங்கிள், போன மாசம் அவன் என் சாக்ஸ முழுங்கினான். ஐ நோ ஹிம். நீங்க முதல்ல லஞ்ச் சாப்பிடுங்க" என்றாள்.

நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. வருஷப் பிறப்பன்று இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டினியாக உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த சுண்டல் நேராக அவரிடம் போய், அவர் ஷூவின் மேலேயே உட்கார்ந்தது.

மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். வாசலிலேயே நாய்க்கு அனுமதி இல்லை என்று போர்டு. "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இவனோட இருக்கேன்" என்றார். நான் மட்டும் உள்ளே போனேன். ரோஜாவும் குளமும் அழகாகத்தான் இருந்தன. பக்கத்தில் குறை சொல்ல ஆளில்லாததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

வெளி மதிலுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சுண்டலின் காதைப் பிடித்துக்கொண்டு, "சாரிடா தம்பி. அங்கிளுக்கு அறிவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு முறைகூடச் சொல்லாத சாரி! எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"என்னங்க, தொந்தரவு குடுத்தது யாரு? நாயா, நீங்களா?" என்று கேட்டபடி முன்னால் போய் நின்றேன். இந்தக் கேள்வியைக் கேட்க நேற்று முழுக்கக் காத்திருந்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. சுண்டலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வெண்பா போனதுல இருந்து ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வரவே எனக்குப் பிடிக்கல, வான்மதி. கராஜ்ல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். சொன்னா நீ அழுவேன்னுதான் அமைதி, அமைதின்னு சொல்லிட்டிருந்தேன்."

தினமும் அந்த கராஜ் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். வண்டி வந்து இவ்வளவு நேரமாகியும் ஆள் உள்ளே வரவில்லையே, போனில் யாரோடு அரட்டை அடிக்கிறார் என்று திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எதிர்த்து ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். சுண்டல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"நாய் தத்து குடுக்கிற ஷெல்டர் சனிக்கிழமை தொறந்திருக்குமா, பாருங்க" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் போனை எடுத்தார்.