ஜன்னல் சட்டத்தில் ஒரு கட்டைவிரல்

கைரேகைப் பிரிவில் அவரை எல்லாரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருத்தன் உள்ளங்கையை நீட்டி, "எனக்கு எப்ப சார் கல்யாணம்?" என்று கேட்டுவைக்க, அந்தப் பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அவர் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நாளை நடக்கப்போவது பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அன்று காலை பிணவறையில் அவருக்காக ஒரு பெண் காத்திருந்தாள். ஆற்றிலிருந்து எடுத்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது என்று இன்ஸ்பெக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஜோசியர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நேரே கைக்குப் போனார்.

தோல் என்றால் ஏதோ ஒரே துணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. மேல்தோல் ஒன்று, அதற்குக் கீழே அடித்தோல் ஒன்று. உயிர் இருக்கிறவரை இரண்டும் ஒன்றையொன்று விடாது. வெயிலைத் தடுக்கும், கிருமியை விரட்டும், உடம்பின் தண்ணீரை உள்ளே நிறுத்தும். உயிர் போய், பல நாள் ஆற்றில் ஊறினால் பிடி விட்டுப்போகும். அவளுடைய வலது கை மேல்தோல், நகங்களோடு சேர்ந்து, உறை மாதிரி கழன்று வந்திருந்தது. இடது கை பேன்ட் பைக்குள் மாட்டிக் கிடந்ததால் தோல் கழலவில்லை. ஆனால் அது ஊறிச் சுருங்கி, அதில் ரேகை எழும்பவில்லை.

கழன்ற தோலைக் கண்டால் மற்றவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள். ஜோசியருக்கு அதுதான் வேலை. ஸ்பிரிட்டில் நனைத்து விறைப்பாக்கி, ரப்பர் உறை போட்ட தன் விரலில் மாட்ட வேண்டும். அவளுடைய கட்டைவிரல் சின்னது. அவருடைய ஆட்காட்டி விரல்தான் அதற்குள் நுழைந்தது. கிழிந்தால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மை தடவி, காகிதத்தில் ஒரு உருட்டு உருட்டினார். இருபது, இருபத்தைந்து வயசுக்காரியின் விரல், செத்த பிறகு ஒரு கிழவனின் கையால் தன் ரேகையை வைத்தது. நல்ல சுழி. அதன் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்புப் பூச்சு. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

"காணாமப் போனவங்கள்ல இந்த உயரத்துக்கு ஒரு பொண்ணுதான் இருக்கு, ஜோசியரே. அந்தப் பொண்ணோட அம்மா வந்து பாக்க மாட்டேங்குது. ரத்தமாவது குடுங்க, வெச்சு சோதிக்கலாம்னா, 'எவளோ ஒருத்திக்கு நான் ஏன் குடுக்கணும்'னு கதவச் சாத்துது. நாளைக்கு சாயங்காலம் நம்பர் போட்டுப் பொதைச்சிடுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுல அந்தப் பொண்ணு தொட்ட சாமான் ஏதாவது இருக்கும். நான் போய்ப் பாக்கறேன்."

மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாவின் கையில் ஈரத் துணி. உள்ளே சோப்பு வாசனை மூக்கை அறைந்தது. இங்கே ரேகை எதுவும் மிஞ்சியிருக்காது என்று ஜோசியருக்கு அப்போதே பட்டது.

அலமாரி பளபளத்தது. கண்ணாடி, தண்ணீர்க் குவளை, மேசை, சுவிட்ச், எல்லாவற்றிலும் பொடி தூவிப் பார்த்தார். எதிலும் ஒன்றும் இல்லை. சீப்பைத் தூக்கிப் பார்த்தார். பல்லுக்கு இடையில் ஒரு முடி கிடையாது.

"தெனமும் தொடைக்கறேன் சார்" என்றாள் அம்மா. "தூசி இருந்தா அவளுக்கு ஆகாது. வந்ததும் விரலால தடவிப் பாப்பா. 'நான் இல்லன்னா வீடு குப்பையாயிடும்மா'ன்னு மானத்த வாங்குவா. அதான், வர்றப்ப சுத்தமா இருக்கட்டும்னு."

மகள் திரும்பி வரட்டும் என்று, மகள் தொட்ட இடத்தையெல்லாம் தன் கையாலேயே அழித்து முடித்திருந்தாள் அந்தப் பாவி. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஜோசியர் பெட்டியை மூடினார். மூடும்போதுதான் கவனித்தார். வந்ததிலிருந்து அம்மா ஒரே இடத்தில் நிற்கிறாள். ஜன்னல் பக்கம் முதுகைக் கொடுத்து, பின்னால் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"அம்மா, கொஞ்சம் நகர்றீங்களா?"

"அங்க ஒண்ணும் இல்ல. பெயின்ட்தான்."

அவர் அதட்டத் தெரியாத ஆள் இல்லை. அன்றைக்கு அதட்ட வரவில்லை.

"மொத சம்பளத்துல அவதான் பெயின்ட் அடிக்கச் சொன்னா" என்றாள் அம்மா. "காயட்டும், தொடாதடின்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பறேன், காஞ்சிடுச்சான்னு கட்டைவிரல வெச்சு அழுத்திட்டா. அந்தக் குழி அப்படியே நின்னுடுச்சு. நான் திட்டின திட்டு இருக்கே, தெருவே கேட்டுச்சு. நேத்து உப்புத்தாள் வாங்கிட்டு வந்தேன் சார், தேய்ச்சிடலாம்னு. நீங்க யாராவது வருவீங்கன்னு தெரியும். கை வரல."

"தேய்ச்சிருந்தா?"

"தேய்ச்சிருந்தா நீங்க போயிருப்பீங்க. நான் கதவத் தெறந்து வெச்சிட்டு ஒக்காந்திருப்பேன், சாகற வரைக்கும்." துணியை முறுக்கினாள். "இந்தக் கோடெல்லாம் எப்ப சார் வருது? பொறந்தப்புறமா?"

"இல்லம்மா. வயித்துல இருக்கறப்பவே. அடித்தோல்ல உருவாகுது. மேல சுட்டாலும் சிராய்ச்சாலும் திரும்ப அதே மாதிரிதான் வளரும்."

"அப்ப எனக்குள்ள இருந்தப்பவே வந்தது."

"ஆமாம்மா."

அவள் நகர்ந்தாள்.

ஜன்னல் சட்டத்தின் பச்சைப் பெயின்டில், விரலளவு பள்ளத்தில், சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சுழி. குறுக்கே சாய்ந்த தழும்பு. ஆழமாக, அடித்தோல் வரை வெட்டுப்பட்டால் மட்டும் நிற்கிற தழும்பு. காலையில் தன் விரலில் போட்டிருந்ததை அவர் மறப்பாரா? அவருடைய ஆட்காட்டி விரல் தானாகத் தழும்புக்கு நேரே நீண்டது.

"தகர டப்பா மூடி கிழிச்சது" என்றாள் அம்மா. "ஸ்கூல் படிக்கறப்ப."

அவர் தலையாட்டினார்.

"லென்ஸ வெச்சுப் பாக்கலியே சார் நீங்க."

லென்ஸ் வைக்காமலே பதில் சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து லென்ஸை எடுத்தார், காலையில் உருட்டிய காகிதத்தை எடுத்தார், ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டு எண்ணினார். முறைப்படி செய்ய வேண்டியதுதான், செய்தார். அம்மா அதை வேடிக்கை பார்க்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவினாள், புடவை மாற்றினாள், தலை வாரினாள். சீப்பில் சுற்றிக்கொண்ட முடியை எடுக்காமல் அப்படியே வைத்தாள். துடைக்கிற துணி தரையில் கிடந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மூஞ்சியப் பாக்கல சார். பாக்க முடியாதுன்னு அவங்க சொன்னாங்க. கையப் புடிச்சுக்கலாமில்ல? அதுக்கு விடுவாங்களா?"

ஜோசியர் தன் ஆட்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"விடுவாங்கம்மா" என்றார். "இடது கையப் புடிச்சுக்குங்க."