ஆளுக்கொரு சிறப்பு

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தொழிலாளர்கள் எல்லோரும் மனிதர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"லண்டன் கம்பெனி உத்தரவு வந்திருக்கு. இனிமே நீங்க கூட்டம் இல்ல. ஒவ்வொருத்தரும் தனி ஆளு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு சிறப்பு இருக்குதாம். வெள்ளிக்கிழம லண்டன் தொரை நேர்ல வந்து, கை குடுத்து, அது என்னன்னு கேப்பாரு. சிறப்பு இல்லாம எவனாச்சும் வந்து நின்னீங்க, தோல உரிச்சிருவேன்!"

கவ்வாத்து ஆட்கள் வரிசையில் நின்ற மூக்கனுக்கு நெஞ்சு குதித்தது. அவனுடைய சங்கடமே அவனுடைய சிறப்புதான். பிறவியிலேயே இடக்கைக்காரன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோ எல்லாம் ஒரே அச்சு. ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, வலக்கைக்காரனுக்கென்றே அடித்தவை. வலக்கையில் பிடித்தால் அவனுக்குக் கத்தி வழுக்கும். இடக்கையில் பிடித்தால் செடியின் வாது, அதாவது கிளை, நார்நாராகப் பிளக்கும். வெளியே ஒரு கத்தி அடித்துக்கொள்ளலாம் என்றால், கம்பெனி முத்திரை இல்லாத கத்தியை மலையில் ஏற்றக்கூடாது. கண்டாக்கிடம் போய்க் கேட்டும் பார்த்தான்.

"உனக்கொரு கத்தி, அவனுக்கொரு கத்தியா? நான் தோட்டம் நடத்துறதா, கொல்லுப்பட்டறை நடத்துறதா?" என்றார் கண்டாக்கு. இந்த மாதத்தோடு அவனைக் கவ்வாத்திலிருந்து இறக்கிப் புல்லுவெட்டுக்குப் போடுவதாகவும் சொல்லிவிட்டார். இந்த வருஷம்தான் மூக்கன் கவ்வாத்துக்கு ஏறியிருந்தான். அவன் பெண்சாதி காளியாயி அந்தப் பெருமையை நோர்வூட்டிலிருக்கும் தன் அண்ணன்மார் வரைக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். இனி எந்த முகத்தோடு இறங்குவது?

பெரட்டு கலைவதற்குள் கண்டாக்குக்கு ஓர் உண்மை உறைத்தது. இத்தனை வருஷம் இவர்களை விரட்டியும், ஒருவருடைய சிறப்பும் அவருக்குத் தெரியாது. ஆகவே தாமே பங்கு வைத்தார்.

"ராக்காயி, நீ பாட்டுக்காரி."

"எனக்குப் பாட்டு வராதுங்கய்யா."

"தொரைக்கு மட்டும் வருமா? கந்தப்பா, உனக்கு ஆடு வளர்ப்பு."

"ஆடு போன மாசமே செத்துப்போச்சுங்க."

"ஆடுதான் செத்துச்சு, சிறப்பு சாகல. அடுத்தவன்! மூக்கா, நீ காமன் கூத்து ஆடுறவன்."

"ஐயா, எனக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்குங்க. பீச்சாங்கை."

கண்டாக்கு பாம்பை மிதித்தவர்போலப் பின்வாங்கினார். "அடச்சீ! அதப் போய்த் தொரைகிட்டக் காட்டுவியா? வெள்ளிக்கிழம அந்தக் கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்க!"

அன்று சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயமெங்கும் ஒரே சந்தை இரைச்சல். பாட்டைக் கொடுத்துச் சமையலை வாங்கினார்கள். சமையலைத் தள்ளிவிட்டு ஆட்டைக் கேட்டார்கள். பாடிக் காட்டு, ஆடிக் காட்டு என்று யாரும் சோதிக்க முடியாத சிறப்பு என்பதால் ஆடு வளர்ப்புக்குத்தான் கிராக்கி. மூக்கன் மட்டும் தன் இடக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"காட்டுங்களேன், என்ன இப்ப?" என்றாள் காளியாயி. "களவெடுத்தா கொண்டாந்தீங்க? கூடப் பொறந்த கைதான?"

வெள்ளிக்கிழமை தோரணம் கட்டி, மேளம் கொட்டி, தோட்டமே திருவிழாக் கோலம் பூண்டது. லண்டன் துரை குளிரில் மூக்கு சிவந்து காரைவிட்டு இறங்கினார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். கொடுத்த கையை ஒவ்வொரு முறையும் கைக்குட்டையில் துடைத்தார். "ஆடு வளர்க்கிறாள்," என்று கண்டாக்கு இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அடுத்தவளும் ஆடு. அதற்கடுத்தவனும் ஆடு. இது தேயிலைத் தோட்டம்தானா என்று லண்டன் துரை ஒரு தரம் மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மூக்கன் முறை வந்தது. துரை கையை நீட்டினார். மூக்கன் இடக்கையை நீட்டினான்.

மேளம் நின்றது. கவ்வாத்து ஆட்களை வேலை வாங்கும் செல்லசாமிக் கங்காணி தலைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண்டாக்கின் உயிர் தொப்பிக்குள் ஏறியது.

"பீச்சாங்கைங்க தொரை!" என்றான் மூக்கன். "கத்தி சோத்தாங்கைக்கு அடிச்சதுங்க. எதிர்ப்பக்கம் சாண பிடிச்சு எனக்கு ஒரு கத்தி வேணுங்க. ஒரே ஒரு கத்திங்க!" காற்றிலேயே சரக் சரக்கென்று வெட்டிக் காட்டினான்.

கண்டாக்கு வாய் திறக்குமுன், கூட வந்திருந்த தோட்டத்து மானேஜர் பெரிய துரை தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்து விஷயத்தைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொன்னார். லண்டன் துரையின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து ஆடு இல்லாத முதல் மனிதன்! அவனுடைய இடக்கையைப் பற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், கைக்குட்டையை மறந்தேபோனார். கத்தி கப்பலில் வரும். அதுவரை இவனைக் கவ்வாத்திலிருந்து யாரும் இறக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

கத்தியும் வந்தது. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து லொறியில், பெட்டி பெட்டியாக. பழைய கத்திகளையெல்லாம் முதல் நாளே வாங்கிக் கட்டி அனுப்பியாயிற்று. புதுக் கத்தி என்றதும் கவ்வாத்து ஆட்கள் முண்டியடித்து வாங்கினார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்த செல்லசாமிக் கங்காணிக்கு முகம் கோணிப்போயிற்று.

"என்னங்கய்யா, எல்லாமே பீச்சாங்கைக் கத்தியா இருக்கு?"

"ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க மனசு நோகுமாம்," என்றார் கண்டாக்கு. "கம்பெனிக்கு நீங்க எல்லாரும் ஒண்ணுதான்."

அதைக் கேட்க மூக்கன் அங்கே இல்லை. ஓட்டமாக ஓடி மலையேறிவிட்டான். முதல் செடியில் கத்தியை வைத்தான். சரக்! வெண்ணெயை வழித்த மாதிரி வெட்டு விழுந்தது. வெட்டு வாயைத் தடவிப் பார்த்தான். ஒரு நார் இல்லை. "ஏ காளியாயி!" என்று மலை எதிரொலிக்கக் கூவினான். அடுத்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள் கொழுந்து பிடித்த கையையே தூக்கி ஆட்டினாள். மூக்கன் நிரையில் பாதியைத் தாண்டியபோது மற்றவர்கள் முதல் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இடக்கையால் முயன்றான். ஒருவன் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தான். கங்காணி இரண்டு கையாலும் பிடித்துக் கோடரிபோல ஓங்கினார்.

ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்த பெரிய துரைக்கு உள்ளம் பூரித்தது.

"பார், கண்டாக்கு! ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு மாதிரி! ரொம்ப நல்லது!"

"ஆமாங்க தொரை," என்று குனிந்தார் கணேசமூர்த்தி.

மூக்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்த செடி காத்திருந்தது.