இரண்டு தரப்புக்கும் ஒரே அட்டர்னி

குடை நுனியால் சுவரைக் குத்தியது நான்தான். வீடு வாங்கப் போகிறவன் சும்மா நிற்கக்கூடாது, எதையாவது தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். சணல் கம்பெனி குமாஸ்தாவுக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? குடை உள்ளே போய்விட்டது. பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தேன். குடையோடு ஒரு முறம் அளவுக்குக் காரையும் பெயர்ந்து வந்தது. வீட்டைக் கட்டிய ஹரிசாதன் பாபு எனக்காக வாங்கி வைத்திருந்த சந்தேஷ் மிட்டாய்த் தட்டிலும், அவருடைய மடிப்புக் கலையாத வேட்டியிலும் அது பொலபொலவென்று விழுந்தது.

வேறொருவனாயிருந்தால், "இதுவா புது வீடு?" என்று கேட்டிருப்பான். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"புதுச் சுவர், ஐயர் மோஷாய். இன்னும் ஈரம் காயவில்லை. பச்சைக் குழந்தை மாதிரி. குழந்தையைக் குடையால் குத்தலாமா?" என்றார் அவர், இந்தியும் இங்கிலீஷும் கலந்து. பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டே, "பத்திரம் எழுத என் அட்டர்னி நிபாரண் பாபு இருக்கிறார். உங்களுக்கும் அவரே பார்த்துவிடுவார். தனியாக இன்னொருவர் எதற்கு, வீண் அலைச்சல்!" என்றார்.

ஒரு மனிதருடைய வேட்டியைப் பாழாக்கிவிட்டு, அவருடைய வக்கீலையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன். வேட்டிக்காக வக்கீல் பிடித்தவன் கல்கத்தாவில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

வைஸ்ராய் டெல்லிக்குக் குடிபோன மறுவருஷம் அது. அவரே வீடு மாற்றிவிட்டார், நாமும் மாற்றினால் என்ன என்று கிளம்பியிருந்தேன். பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே குழாய். என் மனைவி நாகலக்ஷ்மி தினமும் மீன் செதிலை ஒதுக்கிவிட்டுத்தான் குடத்தை வைக்கவேண்டும். தனக்கென்று ஒரு சமையலறை, தனக்கென்று ஒரு கிணறு: கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது அவ்வளவுதான். ஆபீஸ் சிநேகிதர் பட்டாபிராமன் போன வருஷம் பெஹாலாவில் ஹரிசாதன் பாபுவிடம் வீடு வாங்கினார். பக்கத்து வீடு காலியாயிருக்கிறதென்று அவர்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனார். மேற்குச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு சின்ன ராதாகிருஷ்ணன் கோயில். அதைப் பார்த்ததுமே நாகலக்ஷ்மி, "ஜன்னலைத் திறந்தா பெருமாள்! வேறென்ன வேணும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிருஹப்பிரவேசத்துக்கு நாளும் பார்த்தாயிற்று. நாம் முதலில் பார்ப்பது நாள், பத்திரம் அப்புறம்.

நிபாரண் பாபுவின் அறை ஹைகோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஏறும்போதே மாடிப்படிச் சுவரெல்லாம் வெற்றிலைச் சாறு. உள்ளே மூட்டைப்பூச்சி நசுங்கிய வாசனை. எச்சில் படிக்கத்தை என் காலடியில் வைத்திருந்தார். குறி வேறு அவருக்குச் சரியாக வராது. காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இடது பக்கம் திரும்பி, "வாங்குகிறவர் தரப்பில் ஏதும் ஆட்சேபணை உண்டா?" என்று விற்கிறவருடைய வக்கீலாகக் கேட்டார். துப்பினார். வலது பக்கம் திரும்பி, "ஒன்றுமில்லை" என்று என்னுடைய வக்கீலாகப் பதில் சொன்னார். இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் மிகவும் மெச்சிக்கொண்டார்கள்.

"கையெழுத்துப் போட்டால் வீடு என்னுடையதாகிவிடுமா?" என்று கேட்டேன்.

"வீடு யாருடையது, மோஷாய்? நீங்கள் யாருடையவர்? நான் யாருடையவன்?" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு இன்னொரு தரம் துப்பினார். இந்தத் தடவை குறி தப்பவில்லை. என் செருப்பில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நடந்ததை நாகலக்ஷ்மியிடம் சொன்னேன். சிரிப்பாளென்று நினைத்தேன்.

"ஏன்னா, அவர் ஹரிசாதன் பாபுவோட வக்கீல்தானே?"

"நமக்கும் அவர்தான்."

"நம்மளவா கல்யாணத்துல பிள்ளையாத்துக்கு ஒரு வாத்தியார், பொண்ணாத்துக்கு ஒரு வாத்தியார். மந்திரம் ஒண்ணுதானே, ஒருத்தர் போறாதோன்னு எவனாவது கேட்டிருக்கானா?"

"அது சம்பிரதாயம்டி."

"பத்து ரூபா தட்சிணைக்கே அவ்வளவு ஜாக்கிரதை. இவர் அவாத்து வாத்தியார். நம்மாத்து வாத்தியார் யாருன்னு கேக்கறேன்."

செருப்பை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

மறுநாளே எங்களாத்து வாத்தியாரைத் தேடிப் புறப்பட்டேன். அதே சந்தில் ஒரு அட்டர்னி, "நிபாரண் என் மைத்துனன், அவன் பார்த்தால் நான் பார்த்த மாதிரி" என்று தேநீர் கொடுத்தார். இன்னொருவர், "பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம்" என்றார். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா என் தலைப்பாகையையும் சுண்ணாம்பு ஒட்டிய குடையையும் பார்த்துவிட்டு, துரை ஊரில் இல்லை என்றார்; துரை உள்ளே இருமிக்கொண்டிருந்தார். எல்லோரும் வழவழவென்று, நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி. ஆபீசுக்குத் திரும்பி, 'தங்கள் விஷயம் கவனத்தில் உள்ளது' என்று யாருக்கோ எழுத ஆரம்பித்தேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். நானும் அந்த வெண்டைக்காய்க் கூடையில் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவுக்குப் போனேன். பட்டாபிராமன் வாசலுக்கே ஓடிவந்தார்.

"வாரும் ஓய்! என்னிக்குக் கையெழுத்து?"

"அதிருக்கட்டும். உமக்கும் நிபாரண்தானே வக்கீல்? ஒரே ஒரு கேள்வி. இந்த வீடு உம்முடையதா?"

"காத்து எப்படி வரது பாரும்! பவானிபூர்ல உண்டா இது?"

"வீடு ஓய்."

"கிணத்துத் தண்ணி கல்கண்டு. ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது. பேசிக்கொண்டிருந்தவருடைய முகம் சட்டென்று சுருங்கியது. எனக்கு அது புரியவில்லை. ஆனால் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த காலண்டர்களும் சுவாமி படங்களும் புரிந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் காரை உதிர்ந்திருந்தது. குடையை எடுத்து, நுனியை ஒரு காலண்டரில் வைத்தேன்.

"குத்தட்டுமா?"

பட்டாபிராமன் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே அவர் மனைவி ராஜலக்ஷ்மி என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், எனக்காகத்தான். இவரைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. குடையைக் கீழே இறக்கினேன்.

"சொல்லும், பட்டாபி" என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னுது இல்லை ஓய். உம்முடையதாவும் ஆகாது. இந்த மண்ணு பூரா அந்தக் கோயிலுக்கு எழுதிவெச்சது. விக்கறதுக்கு எவனுக்கும் பாத்யதை கிடையாது. கோயில்காரா என்மேல கேஸ் போட்டிருக்கா. அதுலயும் எனக்கு நிபாரண்தான் வக்கீல். பக்கத்து வீட்டுக்கு ஓர் ஆளைக் கொண்டுவா, உன் கேஸைத் தீர்ப்பாகாம இழுத்துப் பிடிச்சுக்கறேன்னார். அதான் உம்மைக் கூட்டிண்டு வந்தேன். வாங்காதேயும்."