கூரைக்குத் திரும்பிய பனி

பட்டணத்து வேன் இன்னும் அரை மணியில் வந்துவிடும். தெருவில் இறங்கிப் பார்த்தேன்.

எந்தக் கூரையிலும் பனி இல்லை. ஒரு கரண்டி கூட இல்லை.

என் பெயர் தோகாஷி. மினோசவா கிராம அலுவலகத்தின் வரிப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு ஹீட்டரும். பட்டணத்துக்காரர் தன் வரியில் ஒரு பங்கைப் பிடித்த ஊருக்கு நன்கொடையாக அனுப்பலாம். அவருக்கு வரி குறையும், ஊர் பிழைக்கும். பதிலுக்கு ஊர் ஒரு பரிசு தரும். கடலோரத்து ஊர்கள் நண்டு அனுப்பின. எங்களிடம் இருந்ததெல்லாம் பனியும் முதியவர்களும்தான். என் மகா மூளை பரிசைக் கண்டுபிடித்தது: 'எங்கள் கூரைப் பனியை நீங்களே வாரலாம்.' ஆச்சரியம், ஆள் சேர்ந்தது. வருகிறவர்கள் மகிழ்ந்து அடுத்த வருடமும் அனுப்பினால் ஆஸ்பத்திரி பஸ் ஓடும். இல்லாவிட்டால் மார்ச்சோடு நின்றுவிடும்.

அந்த பஸ்ஸில்தான் மூதாட்டி இசோகோ, மரியாதையாகச் சொன்னால் இசோகோ-சான், டயாலிசிஸுக்குப் போகிறார். இப்போது தன் வீட்டு வாசலில் துடைப்பத்தோடு நின்றார்.

"யார் வாரினது?" என்று கேட்டேன்.

"ஊரே சேர்ந்துதான். விருந்தாளி வர்ற நேரத்துல இப்படியா போட்டு வைக்கிறது?"

"அவங்க வர்றதே அதை வாரத்தான், இசோகோ-சான்."

"வந்தவங்களை வேலை வாங்குவாங்களா? உங்கம்மா அப்படியா உங்களை வளர்த்தாங்க?"

இதே ஊரில் பிறந்தவன் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை. கிராமத் தலைவர் கோன்னோவிடம் ஓடினேன். முதலில் வாரியதே தான்தான் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

பனி வீசும் இயந்திரத்தைக் கிளப்பினோம். அவர் கீழிருந்து அலுவலகக் கூரை மேல் பனியைப் பீய்ச்சினார். நான் மேலே நின்று, இயற்கையாக விழுந்தது போலப் பரப்பினேன். அழகாகத்தான் வந்துகொண்டிருந்தது.

வேன் தெருமுனையில் திரும்பியது. விருந்தாளிகளைக் கண்டதும் தலைவர் இயந்திரத்தைப் பிடித்தபடியே இடுப்பை வளைத்து வணங்கினார். இயந்திரமும் அவரோடு திரும்பியது. பனி நேரே என் முகத்தில் அறைந்தது. கால் வழுக்கியது. கூரைப் பனி மொத்தமும் என்னோடு கிளம்பியது.

தலைகீழாகப் புதைந்தேன். வெளியே தெரிந்தது என் பூட்ஸ் மட்டும் என்று பிறகு சொன்னார்கள்.

வந்தவர்கள் மண்வெட்டிகளோடு பாய்ந்திருக்கிறார்கள். இசோகோ-சானின் குரல் மட்டும் எனக்குக் கேட்டது.

"முதல்ல உள்ள வந்து டீ குடிங்க. அவர் எங்க போயிடப் போறார்?"

நல்லவேளை, யாரும் குடிக்கவில்லை. தோண்டி எடுத்தார்கள். வந்தவர்களில் மிஹாரு என்ற பெண் என் மூக்கிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகத் தான் வரி கட்டியதே இல்லை என்றாள்.

தலைவர் கண்கள் மின்னின.

"தோகாஷி, வரி ஆபீஸரைப் புதைச்சுக் காட்டுறோம்னு விளம்பரம் போட்டா, நாடே வரும்டா."

வந்தது. பஸ் ஓடுகிறது. இசோகோ-சான் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்.

நான் சனிக்கிழமைதோறும் புதைகிறேன். எளிதில் கண்ணில் படட்டும் என்று தலைவர் சிவப்பு பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.