கட்டைக் குரலுக்கு ஒரு பெட்டி

என் மகள் ரோசிக்குக் கட்டைக் குரல். ஊரில் எல்லோரும் அதைக் குறையாகவே சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் ‘ஆம்பள ரோசி’ என்று கூப்பிட்டார்கள். கோயிலில் பாட்டு வாத்தியார் அவளைப் பெண்கள் வரிசையின் கடைசியில், தூணுக்குப் பின்னால் நிறுத்துவார். அந்த மனிதரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருமுனையில் நின்று அவள் “அம்மோவ்” என்று ஒரு சத்தம் கொடுத்தால், அடுப்படியில் இருக்கிற எனக்கு நெஞ்சுக்குள் கேட்கும். பெற்றவள் எனக்கே அது பிடித்திருந்தது, மற்றவர்களுக்கு என்ன வந்தது?

பதினெட்டு வயதில் அவள் திருச்சியில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். தேவ அழைத்தல் என்றார் சாமியார். சேலத்தில் எங்கள் அரிசிப்பாளையமே திரண்டு வந்து வாழ்த்தியது. நானும் சிரித்த முகமாகத்தான் நின்றேன். மடத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் என் வாயில் வராது. எனக்கு அவள் ரோசிதான்.

வருஷத்துக்கு ஒருதரம், ஐப்பசியில், போய்ப் பார்க்கலாம். அதற்கென்று ஓர் அறை உண்டு. பக்கத்தில் பெரிய சிஸ்டர் ஒருவர் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார். ரோசி தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசைவதே தெரியாமல், “நல்லா இருக்கேம்மா” என்பாள். காற்றுதான் வரும், குரல் வராது. பிள்ளையைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் குரலைக் கேட்காமல் திரும்பி வருவேன். பஸ்ஸில் சேலம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் ஒருதரம் வாய்விட்டுச் சத்தம் போட வேண்டும், அதை நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால், சேசுவுக்குக் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கிறாயா என்பார்கள்.

அறுபதாம் வருஷம் கிறிஸ்துமசுக்கு அந்த மடத்துச் சிஸ்டர்கள் திருச்சி ரேடியோவில் பாடப்போவதாகப் பங்குச் சாமியார் சொன்னார். எங்கள் வீட்டில் ரேடியோ ஏது? ரோசி அப்பா டெய்லர். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, சாமியார் அங்கியிலிருந்து பிள்ளைகளின் டிரவுசர் வரைக்கும் தைப்பார். செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் கந்தவேல் அவரிடம் சட்டை தைப்பவன். எங்களுக்காக அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்திருந்தான், நல்ல பிள்ளை.

பாட்டு வந்தது. அதைப் பாட்டு என்றா சொல்வது? மண்ணெண்ணெய் டின்னுக்குள் குருவி புகுந்தது போல ஒரே கீச்சுக் கீச்சு. நான் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் உச்சிக் குரல். என் பிள்ளை அதில் இல்லை.

“தம்பி, இதுல எம் புள்ள இல்லியே” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இருப்பாங்கக்கா. எங்க போயிருவாங்க?” என்றான் கந்தவேல். “இந்தப் பெட்டியப் பாருங்க, சோத்துப் போசி மாதிரி இருக்குது. கட்டக் கொரலு இதுல நிக்காதுங்க. பெரிய ஸ்பீக்கரா வெச்சு, கனமான பலகையில பெட்டி அடிச்சு, நாலு பக்கமும் காத்துப் போவாம மூடுனா வந்துருமுங்க.”

ரோசி அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “பெட்டி செஞ்சுட்டாப் போவுது” என்றார்.

“யாரு, நீங்களா? ஆசாரிகிட்டக் குடுங்க.”

“ஆசாரிக்கு நம்ம புள்ள கொரலு தெரியுமா?”

“உங்களுக்கு மரம் தெரியுமா?”

“மரமும் துணி மாதிரித்தான் புள்ளே. அளக்கணும், வெட்டணும், சேக்கணும்.”

இந்த மனிதர் பிடித்தால் பிடித்ததுதான். கலியாணமான புதிதில் இருந்தே பார்க்கிறேன்.

நோன்பிருக்கும் தவசு காலம் தொடங்கிய அன்று, ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் காலையிலும் அந்தச் சிஸ்டர்கள் ரேடியோவில் பாடுவார்கள் என்று சாமியார் சொன்னார். மறுநாளே ரோசி அப்பா அயோத்தியாப்பட்டணம் மர அறுவை மில்லுக்குப் போய் மாம்பலகை வாங்கி, சைக்கிளில் கட்டி, தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். கந்தவேல், விரித்த கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரையும், ரிப்பேருக்குக் கொடுத்த ஆள் திரும்பி வராத ஒரு பழைய ரேடியோவையும் கொடுத்தான். பதிலுக்கு அவன் தங்கை கலியாணத்துக்குத் துணியெல்லாம் இவர் தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு.

பெட்டிக்கு என்ன அளவு என்று கந்தவேல் சொல்லியிருந்தான். இவர் கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு, தையல் சாக்பீஸால் பலகையில் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்து அறுத்தார். கை கொப்புளித்தது, ஆனால் கோடு பிசகவில்லை. ஆறு பலகையையும் வாசலில் நிறுத்திச் சேர்த்தால் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கிறது. ஒன்று இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று அந்தப் பக்கம். இவர் சுற்றிச் சுற்றி வந்தார். டேப்பை வைத்து மறுபடி அளந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, தையலுக்கு விட்டீங்களா?” என்றேன்.

மனிதர் அப்படியே நின்றார். ஆமாம், பலகைக்குச் சுற்றிவர அரை இஞ்சு தையலுக்கு விட்டு வெட்டியிருக்கிறார்! இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக விட்டிருக்கிறது.

“கொஞ்சம் உள்ள மடிச்சு...” என்று ஆரம்பித்தவர், பலகையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். 

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ரோசி போன பிறகு அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். “பத்தாமப் போனாத்தான் தப்பு. கூடுனா வெட்டிக்கலாம்” என்று மறுபடி ரம்பத்தை எடுத்தார்.

ஸ்பீக்கருக்கு ஓட்டை போடுவதில் மட்டும் அவர் தொழில் கைகொடுத்தது. சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற கணக்காக, முதலில் சின்னதாக வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டி, கச்சிதமாக உட்கார வைத்துவிட்டார். உள்ளே சத்தம் முட்டி எதிரொலிக்காமல் இருக்கப் பஞ்சு வேண்டும் என்று கந்தவேல் சொன்னானாம். சொல்லாமல் கொள்ளாமல் தன் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை எடுத்து உள்ளே ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினார். நான் என் தலையணையைத் தள்ளிக் கொடுத்தால் வேண்டாம் என்பார். வீம்பு.

பலகைகளை ஒட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. ஆசாரிகள் பயன்படுத்தும் வஜ்ஜிரம் இருக்கிறதே, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை, அதை வாங்கி வந்து வாசலில் கல் கூட்டி உருக்க வைத்தார். வாசம் தெருவைத் தூக்கியது. சற்று நேரத்தில் உபதேசியார் சூசைமாணிக்கம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“இன்னாசிமேரி! தவசு காலம், அதுவும் வெள்ளிக்கெழம! சுத்தபோசனம், கவுச்சி ஆகாதுன்னு தெரியாதா உனக்கு? எலும்புச் சாறு கொதிக்குதே, தெருவே மணக்குது!”

“வாங்க உபதேசியாரே. நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க” என்றேன். “ஒரு கிண்ணம் ஊத்தட்டுங்களா? குடிச்சீங்கன்னா அப்புறம் வாயே தொறக்காது.”

சட்டியை எட்டிப் பார்த்தார். பக்கத்தில் பலகைகளைப் பார்த்தார். என்ன ஏது என்று ரோசி அப்பா சொன்னார். உபதேசியார் பலகையைத் தடவிப் பார்த்தார்.

“நம்ம ரோசி கொரலா?” என்றார். பிறகு, “நல்லா எறுக்கமா ஒட்டுங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரை நான் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கருக்கு முன்னால் மூடுவதற்குச் சாமியார் அங்கியில் மிச்சமான வெள்ளைத் துணியை ரோசி அப்பா எடுத்து வந்தார். இழுத்துக் கட்டியதும் எனக்கு என்னவோ செய்தது. வெள்ளை முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

“வெள்ள வேண்டாங்க” என்றேன். 

அவர் உடனே அவிழ்த்துவிட்டார். என் பழைய இளம்பிள்ளைத் தறிச் சேலையில் நீலமாக ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன்.

குருத்தோலை வாரத்தில் கந்தவேல் வந்து ஒயரை இணைத்துத் திருகினான். உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்த எனக்கு, கூடத்தில் யாரோ கனத்த மனிதர் வந்து பேசுவது கேட்டது. பதறிப்போய் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால், பெட்டி செய்தி வாசிக்கிறது. கந்தவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அக்கா, இதுல உங்க புள்ள ஒளிய முடியாதுங்க” என்றான்.

ரோசி அப்பா பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார். “அதுருது பாரு” என்று என் கையையும் பிடித்து வைத்தார். உண்மைதான், பலகை உயிருள்ள உடம்பு போல அதிர்ந்தது. இனி கேட்டுவிடுவேன் என்றே நினைத்தேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடும்போதுகூட, ஆண்டவரே, கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளும் என்றுதான் வேண்டினேன். அவர் பாடுகளை நினைக்கவில்லை. அவர் தாயார் புரிந்துகொள்வார்.

பாஸ்குப் பூசை முடிந்து ஓடி வந்தோம். வந்த வேகத்தில் இவர் ரேடியோவைப் போட்டார். பாயை விரித்து இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அறிவிப்பு வந்தது, ஆர்மோனியம் வந்தது, பாட்டு வந்தது.

கட்டைக் குரல் இருந்தது. கந்தவேல் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு குரல் இல்லை, ஒரு வரிசையே இருந்தது. எல்லாம் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கி, ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்திக்குத் தெரியாமல் பாடினார்கள். அழகாகத்தான் பாடினார்கள். எனக்கு அழகா வேண்டும்? ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் பார்க்கிறேன், பிரிய மாட்டேன் என்கிறது. 

“எதுங்க அவ?” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “தெரியலியே இன்னாசி” என்றார். அப்படி உடைந்து அவர் பேசி நான் கேட்டதில்லை. 

நமக்குத்தான் புத்தியில்லை. தூணுக்குப் பின்னால் நிறுத்த வேண்டாதபடி அவள் குரலையும் தேய்த்துச் சமமாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. தெருமுனையில் நின்று கூப்பிடுகிற அந்தக் குரல் இனி எங்குமே இல்லை என்று நினைத்தேன்.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சத்தமில்லை. யாரோ தாளைப் புரட்டினார்கள். அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. 

அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெளியே வந்த இருமல். மறுபடி ஒன்று. அதன் வாலில் ஓர் இழுப்பு.

நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நம்ம புள்ள” என்றார் ரோசி அப்பா.

மார்கழிப் பனியில் அந்த இருமலை எத்தனை வருஷம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளேதான். பாடுவதற்கு வேறு குரல் சொல்லிக்கொடுக்கலாம். இருமுவதற்கு யார் சொல்லிக்கொடுப்பது?

அடுத்த பாட்டு தொடங்கியது. நான் அதைக் கேட்கவில்லை. எப்போது முடியும், எப்போது இன்னொருதரம் சத்தமில்லாமல் ஆகும் என்று காத்திருந்தேன். அது முடிந்ததும் அறிவிப்பாளர் வந்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்தது. இவர் ரேடியோவை நிறுத்தினார்.

“நெஞ்சுல சளி கட்டியிருக்குதுங்க” என்றேன்.

“ஆமா.”

“பாட்டு முடியிற வரைக்கும் அடக்கி வெச்சிருந்திருக்கா.”

“ஆமா.”

“அங்க யாருங்க அவளப் பாப்பாங்க?”

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தேங்காய் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் காய்ச்சி, கற்பூரம் போட்டேன். கை தன் பாட்டுக்குச் செய்தது. கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றபோதுதான், யாருக்குத் தேய்க்கப்போகிறேன் என்பது உறைத்தது. திருச்சி எங்கே இருக்கிறது, நான் எங்கே நிற்கிறேன். ஐப்பசிக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது. பாஸ்கு நாளும் அதுவுமாக, கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ரோசி அப்பா கோயிலுக்குப் போட்டுப் போன புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வந்து பாயில் உட்கார்ந்தார்.

“ஆறிப்போவுது. எனக்குத் தேச்சு வுடு” என்றார்.

“உங்களுக்கென்ன கேடு? நல்லாத்தான இருக்கீங்க?”

“இருக்கட்டும். தேயி.”

உட்கார்ந்தேன். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, சூடு பார்த்து, அவர் நெஞ்சில் வைத்து, பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரியே மெதுவாகத் தேய்த்துவிட்டேன்.