எட்டு வீடுகள்

வெயில் இன்னும் தாழவில்லை. லூர்துமேரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். இடுப்பிலிருந்த மீன்கூடையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி கேன்வாஸ் பூட்ஸ் மட்டும் இருந்தது.

"இத்த எடுத்துக்கோ டீச்சர். எம் பொண்ணு இனிமே கிளப்புக்கு வராது."

டிரில் டீச்சர் சுந்தரவல்லி பூட்ஸை வாங்கிக்கொண்டாள். "ஏன், அமலிக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது." லூர்துமேரி தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "சோறு எறங்கல. கடல்ல போயி மண்ண அள்ளி அள்ளிக் காலத் தேச்சிக்கினு கீது. தோலு உரிஞ்சி போச்சி. இன்னாடின்னு கேட்டா வாயத் தொறக்கல. நீதான அனுப்சே? நீயே வந்து கேளு."

நீதான அனுப்சே. நொச்சிக்குப்பம் வரை அந்தச் சொல் சுந்தரவல்லியின் கூடவே நடந்து வந்தது. மயிலாப்பூரில் பத்தொன்பது வருஷமாக விசில் ஊதிக்கொண்டிருப்பவள் அவள். தி.நகரில் இருந்த அந்த வாலிபால் கிளப்பில் ஜவஹர் என்ற கோச்சிடம் பழகிய மூன்று பெண்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. எழுபத்து நான்கில் குப்பத்துப் பெண்ணுக்கு அப்படியொரு உத்தியோகம் கிடைப்பதென்றால் சும்மாவா? தன் பிள்ளைகளில் கை நீளமும் துள்ளலும் உள்ள ஒன்பது பேரைப் பொறுக்கியெடுத்து, வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் கெஞ்சி, அவள்தான் அனுப்பிவைத்தாள். அதில் முதல் பெயர் அமலி என்கிற அமலோற்பவத்துடையது. பதினாலு வயசு.

அமலி கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சுந்தரவல்லியும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவளுக்கே பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்து அமலியே பேசினாள்.

"சுளுக்குன்னா சாரே எண்ண தேச்சி வுடுவாரு டீச்சர். சாமான் ரூம்ல. கதவச் சாத்திடுவாரு."

அலை வந்து போயிற்று.

"எனக்குச் சுளுக்கே இல்ல டீச்சர்."

சுந்தரவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொஞ்ச நேரம் விறைத்துக் கிடந்துவிட்டுப் பிறகுதான் தளர்ந்தது. "யார் கையிலயும் எம் பேரச் சொல்லாத," என்றாள் அமலி. சொல்ல மாட்டேன் என்று சுந்தரவல்லி வாக்குக் கொடுத்தாள்.

கிளப்பின் செயலாளர் கணேசமூர்த்திக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. தன் ஊர்ப்பக்கத்துக்காரி என்று சுந்தரவல்லியிடம் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவள் சொல்லச் சொல்ல, முன்னால் கிடந்த பாப்ளின் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அந்தப் புள்ள யாரு டீச்சர்?"

"பேர் சொல்ல மாட்டேன் சார்."

"பேரில்லாம கமிட்டியில நான் என்னன்னு பேசுவேன்? பன்னெண்டு வருஷமா இருக்காரு. அலமாரி பூரா அவரு வாங்கித் தந்த கப்பு. வெளிய தெரிஞ்சா யாரு பேரு கெடும், சொல்லுங்க? பொம்பளப் புள்ளைங்க பேருதான?" குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா அவர ஆம்பளப் பசங்க பக்கம் மாத்திவிடுதேன்."

"அவங்களும் பிள்ளைங்கதானே சார்?"

அவர் துணியை உதறி மறுபடி மடித்தார். அவள் எழுந்தபோது, துணியைப் பார்த்தே சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு அம்மா இதே மாதிரி வந்து அழுதாங்க. பொறவு வரல."

"வரலைன்னதும் விட்டுட்டீங்களா?"

கணேசமூர்த்தியின் கை அப்போதுதான் நின்றது.

அந்தச் சாமான் அறைக் கதவைக் கழற்ற வேண்டும், பயிற்சி நடக்கும்போது பொம்பளை ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்று அவள் கமிட்டிக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து டைப் அடித்த பதில் வந்தது. பாதிக்கப்பட்டவர் பெயரும் கையெழுத்தும் இல்லாத புகாரைப் பரிசீலிக்க இயலாது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கெஞ்சி அனுப்பிவைத்த வீடுகளுக்கே திரும்பப் போவது. அமலி வீடு போக எட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று நடந்தாள். முழங்கால் வீங்கியது. எல்லா வாசலிலும் அதே வார்த்தைகள்: "உங்க பொண்ண இனிமே அங்க தனியா அனுப்பாதீங்க. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. திட்டாம, பக்கத்துல உக்காந்து கேளுங்க."

மாட வீதியில் ஒரு தாய், "எங்காத்துப் பொண்ணப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாளா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்னொரு வீட்டில் தகப்பன், ரயில்வே வேலையைக் கெடுக்க வந்தவள் என்று தெருவே கேட்கக் கத்தினான். மீர்சாகிப்பேட்டையில் ஜமீலுன்னிசா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். டீ கொடுத்தாள். மறுநாளிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அந்தப் பெண்ணின் காலி இடத்தைத் தாண்டித்தான் சுந்தரவல்லி தினமும் மைதானத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. நல்லது செய்தோமா, கெடுத்தோமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஏழாவது வீட்டில் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்து, "எம் பொண்ணா உங்ககிட்ட சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உங்க பொண்ணு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அந்தத் தாய் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அமலியோடு சேர்த்து ஏழு பேர் கிளப்பிலிருந்து நின்றுவிட்டார்கள்; அங்கே மிஞ்சியது நாலு பெண்கள்தான். ஆறு பேர் இல்லாமல் எந்த அணியும் கோர்ட்டில் இறங்க முடியாது. பெயரில்லாத புகாருக்கு அசையாத கமிட்டி, ஆளில்லாத அணிக்கு அசைந்தது. உடல்நிலை காரணமாக ஜவஹர் விலகுவதாக அறிவித்தார்கள். மாலை போட்டுப் போட்டோவும் பிடித்தார்களாம்.

அமலி வகுப்புக்கு வரத் தொடங்கினாள். பந்தை மட்டும் தொடவில்லை. தன்னிடம் உருண்டு வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். வருகிறாளே, அது போதும் என்றிருந்தது சுந்தரவல்லிக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அறையில் அவளுக்குப் போன் வந்தது. கணேசமூர்த்தி.

"தேனாம்பேட்டையில சின்னப் பசங்க கிளப்பு ஒண்ணு, டீச்சர். போன வாரம் ஜவஹரு அங்க சேந்துட்டாரு. எனக்கு... தூக்கம் வரல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"நீங்களே போய்ச் சொல்லலாமே சார்?"

போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அவள் தேனாம்பேட்டைக்குப் பல்லவன் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்தப் பையன்களில் ஒருவனைக்கூட அவளுக்குத் தெரியாது. மைதானத்து வாசலில் பட்டாணி வறுத்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். "இங்க ஆட்ற பசங்களா? அத்தினி பேரும் இந்தச் சந்துதாம்மா," என்று அவன் கரண்டியால் காட்டினான்.

சந்தின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைகள்தான். முதல் வார்த்தை வரவில்லை. ஈரக் காலடிச் சத்தம் தாழ்ப்பாளை நோக்கி வந்துகொண்டிருந்தது.