தொட்டியில மிச்சம்

அஞ்செட்டிக் காட்டோரத்துல, கம்பி வேலி போட்ட எடத்துல ஒரு பொட்டப் புள்ளிமான் இருந்துச்சு. உத்தனப்பள்ளிப் பக்கம் கெணத்துல விழுந்து பின்னங்கால் ஒடிஞ்சது. பாரஸ்ட்காரங்க கொண்டாந்து விட்டாங்க. திரும்பக் காட்டுல விட முடியாது. எந்தக் காலத்துல அது எவ்வளவு தின்னுதுன்னு பாத்து எழுதுறதுதான் சுகுணாவோட ஆராய்ச்சி. ராமநாதபுரத்துக்காரி. மான விட்டா அவளுக்கு இங்க நாதியில்ல.

தீனி போடுறது செல்லி. சாயங்காலம் நிறுத்துப் போட்டுட்டுப் போயிருவா. காலைல எட்டு மணி பஸ்ல வந்து மிச்சத்த நிறுக்குறது சுகுணா.

சித்திரை வெயில்ல பச்சத் தழ அத்துப்போச்சு. கதிர் அறுத்துக் காஞ்ச சோளத்தட்டுதான் போட்டாங்க. அத மான் தின்னாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா மூணு கிலோ போட்டா, காலைல ஒரு பிடிதான் மிச்சம். நோட்டப் பாக்கப் பாக்க சுகுணாவுக்குப் பெருமை தாங்கல.

மானு மட்டும் எலும்பும் தோலுமா ஆயிட்டே வந்துச்சு. வயித்துல பூச்சியா இருக்கும்னு சுகுணா ரெண்டு தடவ மருந்து குடுத்தா.

"மானு எளைக்குது, அதப் பாத்து நீங்களும் எளைக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தா மேடம்?"னு செல்லி சிரிச்சா.

ஒரு நா பால் வண்டி கெடச்சு, ஆறு மணிக்கே வந்துட்டா சுகுணா. மானு படுத்தே கெடந்துச்சு. செல்லி தொட்டியில குனிஞ்சு, போட்ட சோளத்தட்ட அப்படியே கூடையில அள்ளிட்டிருந்தா.

"என்னக்கா பண்றீங்க?"

"தொட்டி கழுவுறேன். எச்சித் தட்டு கெடந்தா புதுசப் போட்டாலும் மோந்துகூடப் பாக்காது. மாடு கட்டுற வீட்ல பொழுது விடியறதுக்குள்ள கழுவிருவோமே."

"தெனமுமா?"

"ஒரு நா தப்பினதில்ல! அழுக்குத் தொட்டிய உங்க கண்ணுல காட்டுவனா? அது தின்னலன்னுதான நீங்களும் மருந்து குடுத்தீங்க?"

அவ அள்ளினது போக, தெனம் நிறுத்த அந்த ஒரு பிடி மூலையில ஒட்டிக் கெடந்தது. மிச்சத்த எதுக்கு நிறுக்குறோம்னு சுகுணா ஒரு நாளும் செல்லிகிட்டச் சொன்னதில்ல.

ஓசூர் டாக்டருக்குப் போன் போட்டா. "இத்தன நாள் பட்டினியா? இனி வயிறு ஏத்துக்காதும்மா"ன்னுட்டாரு.

அதக் கேட்ட செல்லி ஓடிப்போய் யார் தோட்டத்துலயோ மல்பெரித் தழ ஒடிச்சிட்டு வந்தா. மானு ஒரு எலய வாயில வாங்குச்சு. மெல்லல. எல நழுவி விழுந்துச்சு.

"திட்டவாச்சும் திட்டுங்க மேடம்."

"உங்கள என்னன்னு திட்ட?"

பத்து மணி வாக்குல மூச்சு நின்னுச்சு. பாரஸ்ட் வண்டி வர சாயங்காலமாகும்னாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து மானு மேல மொய்ச்ச ஈய ஓட்டிட்டிருந்தாங்க.